செல் கிழித்துப் போட்ட புரதம்: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயின் கதை

சென்ற பகுதியில் டி.என்.ஏ.வில் எழுதியிருக்கும் குறிப்பைப் படித்து செல் எப்படிப் புரதம் செய்கிறது என்று பேசினோம். அதைக் கேட்டவுடன் யாருக்கும் வரக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. சரி, குறிப்பிலேயே பிழை இருந்தா? தப்பான புரதம்தானே தயாராகும்? அது என்ன ஆகும்? பரம்பரை நோய் என்றால் "மரபணு கெட்டுப்போச்சு, அதனால புரதம் வேலை செய்யல" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். நடுவில் நடப்பது என்னவென்று கேட்டால், அங்கே ஒரு பெரிய கதை இருக்கிறது. புரதம் வேலை செய்யவில்லை என்பதல்ல விஷயம். பல நேரங்களில் அதை வேலை செய்யவே விடவில்லை என்பதுதான்.

இந்தக் கதைக்கு நான் எடுத்துக்கொண்ட நோய் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அதிகம் காணப்படும் நோய். நுரையீரலில் சளி பிசின் மாதிரி கெட்டியாகி அடைத்துக்கொள்ளும், அதில் கிருமிகள் குடியேறும். கணையத்தின் குழாய்களும் அடைபடுவதால் சாப்பிட்டது செரிக்காது, குழந்தை எடை கூடாது. வியர்வையில் உப்பு மிக அதிகமாக இருக்கும். நெற்றியில் முத்தமிட்டால் உப்புக் கரிக்கிற குழந்தை சூனியம் வைக்கப்பட்டது, சீக்கிரம் இறந்துவிடும் என்று ஐரோப்பாவில் பழைய நம்பிக்கை ஒன்று இருந்தது. சூனியத்தை விட்டுவிடுங்க, கவனிப்பு சரியாகத்தான் இருந்திருக்கிறது.

இதைத் தனி நோயாக அடையாளம் கண்டவர் டோரதி ஆண்டர்சன். அறுவைச் சிகிச்சை நிபுணராக விரும்பியவர். பெண் என்பதால் அந்தப் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளவில்லை. அதனால் நோய்க்குறியியல் பக்கம் வந்து, நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவ வளாகத்தைச் சேர்ந்த பேபீஸ் மருத்துவமனையில் இறந்த குழந்தைகளின் உடல்களைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயால் இறந்ததாகக் குறிக்கப்பட்ட சில குழந்தைகளின் கணையத்தில் நார்த்திசுவும் நீர்க்கட்டிகளும் இருப்பதைப் பார்த்தார். பழைய பதிவுகளையெல்லாம் தோண்டி எடுத்து ஒப்பிட்டு, 1938இல் இது வேறு நோய் என்று எழுதினார். நோயின் பெயரே அந்தக் கணையக் காட்சியிலிருந்து வந்ததுதான்.

இப்ப ஒரு விஷயம் சொல்றேன், எனக்கு இது மிகவும் பிடித்த தற்செயல். அதே கொலம்பியா மருத்துவ வளாகத்தில், அதே ஆண்டுகளில், உயிர்வேதியியல் துறையில் ஜெர்மனியிலிருந்து வந்த ஒருவர் எலிகளுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார். ருடால்ஃப் ஷோன்ஹைமர். யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் ஃப்ரைபர்க்கிலிருந்து நியூயார்க் வந்து சேர்ந்தார். ஆண்டர்சன் தொடங்கிய நோயின் கதையும் ஷோன்ஹைமர் தொடங்கிய புரதத்தின் கதையும் ஒன்று சேர ஏறக்குறைய அறுபது வருடம் ஆனது. இரண்டு கதைகளும் புறப்பட்ட இடம் ஒன்றே.

ஷோன்ஹைமர் செய்தது என்ன? அந்தக் காலத்தில் உடம்பை எஞ்சின் மாதிரி நினைத்தார்கள். உடம்பின் புரதங்கள் எஞ்சினின் இரும்புப் பாகங்கள். சாப்பாடு பெட்ரோல். பெட்ரோல் எரிந்து வெளியே போய்விடும், இரும்பு அப்படியே இருக்கும், கொஞ்சம் தேயும், அவ்வளவுதான். கொலம்பியாவில்தான் ஹரால்ட் யூரி கன ஹைட்ரஜனைக் கண்டுபிடித்திருந்தார். யூரியின் மாணவர் டேவிட் ரிட்டன்பர்க் ஷோன்ஹைமருடன் வந்து சேர்ந்தார். வேதியியலில் சாதாரண அணுவைப் போலவே நடந்துகொள்ளும், ஆனால் எடையை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். அப்படிப்பட்ட கன நைட்ரஜனை அமினோ அமிலத்தில் அடையாளமாகப் பதித்து, வளர்ந்து முடிந்த, எடை மாறாத எலிகளுக்குக் கொடுத்தார்கள். எஞ்சின் கணக்குப்படி அவ்வளவும் சிறுநீரில் வந்துவிட வேண்டும். டைரோசின் என்ற அமினோ அமிலத்தைக் கொடுத்துப் பார்த்தபோது சுமார் பாதிதான் வந்தது. மீதி? எலியின் ஈரலிலும் மற்ற உறுப்புகளிலும் புரதத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்திருந்தது. எலியின் எடையோ கூடவில்லை. அப்படியென்றால் புதியது உள்ளே போன அளவுக்குப் பழையது உடைந்து வெளியேறியிருக்க வேண்டும். உடம்பு ஓயாமல் தன்னைத்தானே இடித்துக் கட்டிக்கொண்டிருக்கிறது.

ஷோன்ஹைமர் 1941இல் தற்கொலை செய்துகொண்டார். வயது 43. இந்த ஆய்வுகளைத் தொகுத்த அவருடைய சொற்பொழிவுகள் அடுத்த ஆண்டு புத்தகமாக வந்தன. இவ்வளவு பெரிய விஷயத்தைக் கண்டவர் பெயர் நம் பாடப்புத்தகங்களில் ஒரு மூலையில்கூட இல்லாதது எனக்கு வருத்தம்தான்.

எல்லாரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. 1955இல் ஹாக்னஸ், கோன், மோனோ மூவரும் பாக்டீரியாவை வைத்துச் சோதித்து, புரதம் ஒருமுறை உண்டானால் உறுதியாகத்தான் இருக்கிறது, எலியில் பார்த்தது செல்கள் செத்துப்போவதன் விளைவாக இருக்கலாம் என்று எழுதினார்கள். அதே சமயத்தில் பெல்ஜியத்தில் கிறிஸ்டியன் டி டூவ் செல்லுக்குள் லைசோசோம் என்ற பையைக் கண்டுபிடித்தார். உள்ளே அமிலம், எதையும் செரிக்கிற நொதிகள். புரதம் உடைவது இங்கேதான் என்று பலரும் முடிவுகட்டிவிட்டார்கள். கேஸ் குளோஸ்.

ஆனா ரெண்டு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒன்று, புரதங்களின் ஆயுள் ஒரே மாதிரி இல்லை. ஹீமோகுளோபின் சிவப்பணுவோடு சேர்ந்து 120 நாள் வாழ்கிறது. ஈரலில் உள்ள ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸ் என்ற நொதியோ சில நிமிடங்களில் பாதியாகிவிடுகிறது. லைசோசோம் ஒரு பை. உள்ளே விழுந்த எல்லாவற்றையும் ஒரே மாதிரி கரைக்கும். இதை இப்போது, அதைப் பிறகு என்று அது பார்த்துப் பார்த்து எடுக்குமா? இரண்டாவது உறுத்தல் இன்னும் விசித்திரமானது. 1953இல் மெல்வின் சிம்ப்சன் எலி ஈரலின் மெல்லிய துண்டுகளை வைத்துப் பார்த்தபோது, செல்லின் ஆற்றலை நிறுத்தினால் புரதம் உடைவதும் குறைந்தது. இது ஏன் விசித்திரம்? கட்டடம் கட்டத்தானே செலவு, தானாகச் சரிகிற சுவருக்கு எதற்குக் கூலி? புரதத்தை உடைக்க ஆற்றல் தேவையே இல்லை. நம் குடலில் பருப்பிலிருக்கும் புரதத்தை நொதிகள் ஆற்றல் செலவில்லாமல்தான் உடைக்கின்றன. செல் மட்டும் ஏன் இதற்குப் பணம் கட்டுகிறது?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டவர் அவ்ராம் ஹெர்ஷ்கோ. ஹங்கேரியின் கர்ட்சாக் என்ற சிறு ஊரில் 1937இல் பிறந்தவர். 1944இல் குடும்பத்தோடு நாடுகடத்தப்பட்டு, தப்பிப் பிழைத்து, 1950இல் இஸ்ரேல் வந்தவர். மருத்துவம் படித்துவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தார். சான் ஃபிரான்சிஸ்கோவில் கார்டன் டாம்கின்ஸ் ஆய்வகத்தில் இருந்தபோது ஒரு குறிப்பிட்ட நொதி உடைவதற்கு ஆற்றல் தேவைப்படுவதைத் தானே பார்த்தார். ஹைஃபாவில் டெக்னியானுக்குத் திரும்பியபின் அதை விடவில்லை. அப்போது உலகமே டி.என்.ஏ. பின்னால், புரதம் உண்டாவதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. உடைவதைப் பற்றி யாருக்குக் கவலை? கூட்டம் இல்லாத துறை என்பது அவருக்கு வசதியாகவும் போயிற்று.

இங்கேதான் கெட்ட புரதம் கதைக்குள் வருகிறது. 1960களில் ராபினோவிட்சும் ஃபிஷரும் முயலின் இளம் சிவப்பணுக்களுக்கு வாலின் என்ற அமினோ அமிலத்தின் போலி ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். செல் ஏமாந்து அந்தப் போலியை வைத்து ஹீமோகுளோபின் கட்டியது. கட்டிய கையோடு அதை உடைத்தும் போட்டது. நல்ல ஹீமோகுளோபினைத் தொடவில்லை. 1977இல் ஹார்வர்டில் ஆல்ஃப்ரட் கோல்ட்பர்க்கும் ஜோசஃப் எட்லிங்கரும் அதே இளம் சிவப்பணுக்களை உடைத்துச் சாறாக்கி, சோதனைக் குழாயிலேயே கெட்ட புரதம் உடைவதைக் காட்டினார்கள். ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. சேர்த்தால் உடையும், சேர்க்காவிட்டால் உடையாது. முக்கியமானது என்னன்னா, இந்தச் சாறு லைசோசோம் இல்லாமலே வேலை செய்தது. ஆக வேறு ஏதோ இருக்கிறது.

ஹெர்ஷ்கோவும் அவருடைய மாணவர் ஆரோன் சிக்கனோவரும் அந்தச் சாற்றை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தார்கள். இரண்டு பகுதியாகப் பிரித்தால் தனித்தனியாக ஒன்றும் வேலை செய்யவில்லை, சேர்த்தால் செய்தது. முதல் பகுதி முழுக்க ஹீமோகுளோபின். அதை எப்படி நீக்குவது? காய்ச்சிப் பார்த்தார்கள். ஆமாங்க, அடுப்பில் ஏற்றாத குறைதான். முட்டை வெந்து கெட்டியாகிற மாதிரி ஹீமோகுளோபின் திரண்டு அடியில் தங்கிவிட்டது. புரதம் சம்பந்தப்பட்ட செயல் எதுவாக இருந்தாலும் அதோடு போயிருக்க வேண்டும். போகவில்லை! தெளிந்த நீரில் அப்படியே இருந்தது. வெப்பம் தாங்குகிற சின்னஞ்சிறு புரதம் ஒன்று. 1978இல் வெளியிட்டார்கள். பெரிய பத்திரிகை ஒன்றும் இல்லை, சிறு கட்டுரைகளைச் சீக்கிரம் அச்சிடும் பத்திரிகைதான்.

நொதிக்கு உதவும் துணைப்பொருள் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஃபிலடெல்ஃபியாவில் எர்வின் ரோஸின் ஆய்வகத்தில் இருந்தபோது அதற்குக் கதிரியக்க அடையாளம் போட்டுப் பார்த்தார்கள். ஏ.டி.பி. சேர்த்ததும் அந்தச் சிறு புரதம் திடீரென்று பெரிய பெரிய புரதங்களோடு ஒட்டிக்கொண்டது. கழுவினாலும் போகாத வேதிப் பிணைப்பு. எதோடு ஒட்டுகிறது? வெட்டுகிற கத்தியோடு அல்ல, வெட்டப்பட வேண்டிய புரதத்தோடு. அதுவும் ஒன்றல்ல, பல. சந்தையில் விற்றுப்போன ஆட்டுக்கு முதுகில் சாயம் பூசுவார்களே, அந்த மாதிரி. சாயம் ஆட்டை வெட்டாது. எந்த ஆடு போக வேண்டும் என்று சொல்லும். 1980இல் இரண்டு கட்டுரைகளாக இது வெளிவந்தது. அதே ஆண்டு கீத் வில்கின்சன், மைக்கேல் அர்பன், ஆர்தர் ஹாஸ் மூவரும் இந்தச் சிறு புரதம் புதிதல்ல என்று கண்டுபிடித்தார்கள். 1975இலேயே கிடியன் கோல்ட்ஸ்டீன் மாட்டின் தைமஸ் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்து, எங்கும் இருக்கிறதே என்று யுபிக்விட்டின் எனப் பெயரும் வைத்திருந்தார். 76 அமினோ அமிலங்கள். என்ன வேலை செய்கிறது என்றுதான் தெரியாமல் இருந்தது.

பிறகு வேகமாக நகர்ந்தது. சாயம் பூச மூன்று கட்டமாக நொதிகள் இருப்பது தெரிந்தது. கடைசிக் கட்டத்தில் "இது போகணும்" என்று ஆளைத் தேர்ந்தெடுக்கும் நொதிகள் மனிதனிடம் 600க்கும் மேல். சாயம் பூசப்பட்டதை உடைக்கிற இயந்திரமும் 1980களின் நடுவில் அகப்பட்டது. புரோட்டியசோம். பீப்பாய் மாதிரி வடிவம், இரு முனையிலும் மூடி. வெட்டுகிற பற்கள் எல்லாம் பீப்பாயின் உள்சுவரில். வெளியே திரிகிற நல்ல புரதத்தைத் தொட முடியாது. சாயம் உள்ளதை மூடிதான் பிடித்து, மடிப்பைப் பிரித்து, நூலாக உள்ளே இழுத்துவிடும். ஆற்றல் ஏன் செலவாகிறது என்ற கேள்விக்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது. உடைப்பதற்கு அல்ல. சாயம் பூசவும், மடிப்பைப் பிரித்து உள்ளே இழுக்கவும். தேர்ந்தெடுப்பதற்கான செலவு அது. ஹெர்ஷ்கோ, சிக்கனோவர், ரோஸ் மூவருக்கும் 2004இல் வேதியியல் நோபல்.

இப்ப நோய்க்குத் திரும்புவோம்.

1948 கோடையில் நியூயார்க்கில் கடும் வெப்ப அலை. உடல் வறண்டு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்கள் விகிதத்துக்கு மீறி இருப்பதைப் பால் டி சான்ட் ஆக்னீஸ் கவனித்தார். அதைத் தொடர்ந்து 1953இல் வியர்வையில் உப்பு அதிகம் என்று நிரூபித்தார். பழைய முத்தக் கதை இப்படித்தான் வியர்வைப் பரிசோதனையானது. 1983இல் பால் குவின்டன் வியர்வைச் சுரப்பியின் குழாய்களை வைத்து, குளோரைடு அதன் சுவரைக் கடக்க முடியாததுதான் கோளாறு என்று காட்டினார். குவின்டனுக்கே அந்த நோய் உண்டு. தன் நோயின் கதவு எங்கே மூடியிருக்கிறது என்று தானே தேடிக் கண்டுபிடித்த மனிதர்.

1989 செப்டம்பரில் மரபணு கிடைத்தது. டொரான்டோவில் லாப்-சீ சூய், ஜான் ரியோர்டன், மிச்சிகனில் ஃபிரான்சிஸ் காலின்ஸ். 1480 அமினோ அமிலங்கள் கொண்ட சி.எஃப்.டி.ஆர். என்ற புரதத்துக்கான குறிப்பு அது. நோயாளிகளின் மரபணுக்களில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் ஒரே பிழை. மூன்றே மூன்று எழுத்துகள் காணோம். அதனால் 508ஆவது இடத்தில் இருக்க வேண்டிய ஃபினைல்அலனின் மட்டும் இல்லை. மற்ற 1479ம் சரியாக இருக்கிறது. டெல்டா எஃப் 508 என்று பெயர். இந்த ஒன்று இல்லாததால் குளோரைடு கதவு திறக்க மறுக்கிறது என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள்.

அடுத்த ஆண்டே அயோவாவின் மைக்கேல் வெல்ஷும் ஜென்சைம் நிறுவனத்தின் ஆலன் ஸ்மித்தும் சக ஆய்வாளர்களும் வேறு ஒன்றைப் பார்த்தார்கள். செல்லின் வெளிச்சவ்வில் இருக்க வேண்டிய புரதங்கள் முதலில் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்ற மடிப்புக்கூடத்தில் உருவாகின்றன. சுருக்கமாக ஈ.ஆர். என்பார்கள். அங்கே சரியாக மடிந்த பிறகு கோல்கி என்ற அடுத்த கூடத்துக்குப் போய், சர்க்கரைக் கிளைகள் முழுமையாக ஒட்டப்பட்டு, கனமாகி, வெளிச்சவ்வுக்குப் போகும். ஆய்வகத்தில் எடை வாரியாகப் பிரித்தால் கோல்கியைத் தாண்டியதா இல்லையா என்று கோடு பார்த்தே சொல்லிவிடலாம். டெல்டா எஃப் 508 புரதத்தில் அந்தக் கனமான கோடு இல்லவே இல்லை. கதவு கெட்டிருக்கிறது என்று நினைத்தோம், கதவு வாசலுக்கே வந்து சேரவில்லை! திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவு மொத்த பண்டலையும் ரிஜெக்ட் செய்துவிட்டால் கடையில் சரக்கு இருக்காது இல்லையா, அதுதான் இது.

சரி, உண்மையிலேயே உதவாத சரக்காக இருந்திருந்தால் ரிஜெக்ட் செய்தது நியாயம்தானே? இங்கேதான் எனக்கு இந்தக் கதையின் உயிர் இருக்கிறது. தவளை முட்டை செல்லில் இதே பிழையுள்ள புரதத்தை உருவாக்கியவர்கள், அது சவ்வுக்கு வந்து குளோரைடைக் கடத்துகிறது என்றார்கள். பாலூட்டிகளின் செல்லில் செய்தவர்கள் வரவே இல்லை என்றார்கள். யார் சொல்வது சரி? தவளை முட்டையை 37 டிகிரியில் வைக்க மாட்டார்கள், குளிர்ச்சியாக வைப்பார்கள். வெல்ஷின் குழுவினர் 1992இல் பாலூட்டிச் செல்களையே 30 டிகிரிக்குக் கீழே வைத்து வளர்த்தார்கள். பிழையுள்ள புரதம் தப்பித்து வெளிச்சவ்வுக்குப் போனது. போய் வேலையும் செய்தது. முழுத் திறமையோடு இல்லை, ஆனால் செய்தது. யோசிச்சுப் பாருங்க. ஓரளவு வேலை செய்யக்கூடிய புரதத்தை, மடிப்பு சற்றுச் சரியில்லை என்பதற்காகச் செல் அழித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கண்டிப்பால் குழந்தைகள் இறந்துகொண்டிருந்தார்கள்.

எவ்வளவு கண்டிப்பு? 1994இல் ஸ்டான்ஃபோர்டின் ரான் கொப்பிட்டோவும் கிறிஸ்டினா வார்டும் கணக்குப் பார்த்தார்கள். பிழையே இல்லாத சி.எஃப்.டி.ஆர்.இலேயே, அவர்கள் வளர்த்த செல்களில், நான்கில் ஒன்றுதான் தேறியது. இயற்கையான மூச்சுக்குழாய்ச் செல்களில் இவ்வளவு வீணாவதில்லை என்று பின்னால் வேறு சிலர் காட்டினார்கள், அந்த விவாதம் தனி. டெல்டா எஃப் 508இல் ஏறக்குறைய அத்தனையும் அழிக்கப்பட்டது என்பதில் விவாதம் இல்லை.

அழிப்பது யார்? 1995இல், ஷோன்ஹைமர் தொடங்கிய கதையும் ஆண்டர்சன் தொடங்கிய கதையும் சந்திக்கின்றன. கொப்பிட்டோ குழுவும் ரியோர்டன் குழுவும் ஒரே இதழில் அடுத்தடுத்து எழுதினார்கள். அது லைசோசோம் அல்ல. யுபிக்விட்டின் சாயமும் புரோட்டியசோம் பீப்பாயும்தான். இதை நிரூபிக்கப் பயன்பட்ட பொருள்களில் ஒன்று லாக்டசிஸ்டின். புரோட்டியசோமின் பல்லைக் கட்டிவிடும் வேதிப்பொருள். ஜப்பானிய மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து சடோஷி ஓமுரா பிரித்தெடுத்தது. கொப்பிட்டோவின் கட்டுரையில் அவர் பெயரும் உண்டு. பின்னாளில் ஒட்டுண்ணி நோய்களுக்கான ஐவர்மெக்டின் பணிக்காக 2015இல் நோபல் வாங்கிய அதே ஓமுராதான்.

ஆனா ஒரு சிக்கல். மடிப்புக்கூடமோ சவ்வுக்கு அந்தப் பக்கம், புரோட்டியசோமோ இந்தப் பக்கம். உள்ளே மாட்டிய புரதம் எப்படி வெளியே வந்து பீப்பாயில் விழும்? ஜெர்மனியில் ஈஸ்ட்டை வைத்து ஆய்ந்த டீட்டர் வுல்ஃப் குழு அடுத்த ஆண்டே காட்டியது: செல் அதை வந்த வழியே திரும்ப இழுத்து வெளியே போடுகிறது. இதை அப்போது நம்பவே பலருக்குச் சிரமமாக இருந்தது.

இவ்வளவு தெரிந்தபின் யாருக்கும் தோன்றுகிற வழி ஒன்றுதானே. பீப்பாயை நிறுத்திவிட்டால் புரதம் பிழைத்து வாசலுக்குப் போய்விடும், நோய் தீரும். கொப்பிட்டோ அதையும் பார்த்தார். நிறுத்தினால் புரதம் வாசலுக்குப் போகவில்லை. சாயம் பூசிய நிலையிலேயே ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியது. 1998இல் அந்தக் கட்டிகளைச் செல் ஒரு மூலைக்கு இழுத்துவந்து குவிப்பதைக் காட்டி, அதற்கு அக்ரிசோம் என்று பெயரும் வைத்தார். குப்பை வண்டியை நிறுத்தினால் குப்பை நகையாகிவிடாது, தெருவில்தான் குவியும்.

குவிந்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு பரம்பரை நோய் சாட்சி. 1963இல் ஸ்வீடனின் மால்மோவில் லாரெல், எரிக்சன் இருவரும் சுமார் 1500 பேரின் ரத்தச் சீரத்தைக் காகிதத்தில் பிரித்துப் பார்த்தபோது ஐந்து பேரிடம் ஒரு பட்டை காணவில்லை. அந்த ஐவரில் மூவருக்கு நுரையீரல் சிதையும் எம்ஃபிசீமா. காணாமல் போனது ஆல்ஃபா 1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதம். ஈரல் செய்து ரத்தத்தில் விட வேண்டியது. அங்கேயும் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறி, புரதம் ஈ.ஆரிலேயே மாட்டிக்கொள்கிறது. சி.எஃப்.டி.ஆர். போல எல்லாம் சுத்தமாக அழிக்கப்படுவதில்லை. ஒரு பங்கு சங்கிலியாகக் கோத்துக்கொண்டு ஈரல் செல்லிலேயே தங்கிவிடுகிறது. ஒரே பிழை இருந்தும் சிலருக்கு மட்டும்தான் ஈரல் கெடுகிறது. ஏன் என்று டேவிட் பெர்ல்மட்டர் குழு 1994இல் பார்த்தபோது, ஈரல் கெட்டவர்களின் செல்கள் அந்தப் புரதத்தை மெதுவாக அழித்தன, கெடாதவர்களின் செல்கள் வேகமாக அழித்தன. ஆக ஒரு நோயில் அழிப்பு அதிகம் என்பது பிரச்சினை, இன்னொன்றில் போதவில்லை என்பது பிரச்சினை.

எனவே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் மிச்சமிருந்த வழி, செக்கிங் பிரிவை மூடுவதல்ல, துணியின் மடிப்பைச் சரிசெய்வது. அமெரிக்காவின் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் அறக்கட்டளை பணம் கொடுத்து, சான் டியேகோவின் அரோரா நிறுவனம் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களை இயந்திரம் வைத்துச் சலித்தது. அந்த நிறுவனத்தை 2001இல் வெர்டெக்ஸ் வாங்கியது. மடிப்பைத் தாங்கும் முதல் மருந்தான லூமகாஃப்டர், கதவைத் திறந்து வைக்கும் ஐவகாஃப்டரோடு சேர்ந்து 2015இல் அனுமதி பெற்றது. பலன் சுமார்தான். 2019 அக்டோபரில் மூன்று மருந்துகளின் கூட்டு வந்தது. இரண்டு மருந்துகள் புரதத்தின் வெவ்வேறு இடங்களைத் தாங்கிப் பிடிக்கும், மூன்றாவது கதவைத் திறக்கும். ஒரு நொடியில் வெளிவிடும் மூச்சின் அளவு சராசரியாக 14 சதவீதப் புள்ளி கூடியது. நுரையீரல் மாற்று அறுவைக்குக் காத்திருந்தவர்கள் சிலர் பட்டியலிலிருந்து வெளியே வந்தார்கள்.

விலை, 2019இல் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 3,11,000 டாலராக இருந்தது. வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். அறக்கட்டளை தன் உரிமத்தொகைப் பங்கை 2014இல் 330 கோடி டாலருக்கு விற்றது. அந்த அறக்கட்டளையின் முதல் பணம் நோயாளிகளின் பெற்றோர் திரட்டிய நன்கொடை. இந்தக் கணக்கை எப்படிப் பார்ப்பது என்று நீங்களே சொல்லுங்க. எனக்கு அந்த மருந்து மீது மரியாதை, அந்த விலை மீது கோபம், இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கிறது. காப்புரிமை தடையாக இல்லாத அர்ஜென்டினாவில் இதே கூட்டு மருந்து மலிவாகத் தயாராகிறது. 2023இல் இந்தியா, தென்னாப்பிரிக்கா, பிரேசில், உக்ரைன் நாடுகளின் நோயாளிக் குடும்பங்கள் காப்புரிமைக்கு எதிராகக் குரல் எழுப்பின. இந்தியாவில் இந்த நோயே கிடையாது என்று ஒரு காலத்தில் டாக்டர்களே நினைத்தார்கள். இருக்கிறது, கண்டுபிடிக்கப்படுவதுதான் குறைவு. நம் நாட்டு நோயாளிகளிடம் டெல்டா எஃப் 508இன் பங்கு ஐரோப்பாவை விடக் குறைவு, வேறு அரிய பிழைகள் அதிகம்.

அந்த வேறு பிழைகளில் சில, குறிப்பைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறவை. அங்கே புரதமே முழுதாக உண்டாவதில்லை. தாங்கிப் பிடிக்க மடிப்பு இல்லை, செக்கிங்கில் ரிஜெக்ட் ஆக சரக்கும் இல்லை. அமெரிக்க நோயாளிகளில் பத்தில் ஒருவருக்கு இந்த மூன்று மருந்தும் பயன்படாததற்கு இதுதான் முக்கியக் காரணம். அவர்களுக்காக எம்.ஆர்.என்.ஏ.வை மூச்சு வழியாகவே கொடுத்துப் பார்க்கும் சோதனைகள் நடந்துவருகின்றன. அதைப் பற்றித் தனியாக ஒரு பகுதி பேச வேண்டும்.